ஈறிலாத் தொலைவு எவ்வளவு தொலைவு?

கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்கள் செய்யும் எளிய சோதனைகளுள் ஒன்று, குவிலென்சின் குவியத் தொலைவைக் காண்பது. சாளரத்தின் அருகே லென்சை நிறுத்தி, வெளியே தொலைவில் தெரியும் ஒரு மரத்தின் தலைகீழ்ப் பிம்பத்தை வெள்ளைத் திரையில் தெளிவாக விழச் செய்ய வேண்டும். அப்போது லென்சுக்கும் திரைக்கும் இடையே உள்ள தொலைவே குவியத் தொலைவு. 'பொருள் ஈறிலாத் தொலைவில் உள்ளது' என்று பதிவேட்டில் எழுதுவது வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் இச்சோதனையைச் செய்துகொண்டிருந்த ஒரு மாணவன் என்னிடம் வந்தான். "சார், அந்த வேப்பமரம் மைதானத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது. அறுபது மீட்டர் இருக்கும். அதைப்போய் ஈறிலாத் தொலைவு என்று எப்படி எழுதுவது?" என்று கேட்டான்.

உடன் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சிரிப்புக்கு உரியதன்று. இருவரும் உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தோம். லென்சின் குவியத் தொலைவு சரியாக 20 செ.மீ. என்று கொள்வோம். 60 மீட்டர் தொலைவில் உள்ள மரத்தின் பிம்பம் லென்சிலிருந்து 20.07 செ.மீ. தொலைவில் விழும். மரம் உண்மையிலேயே ஈறிலாத் தொலைவில் இருந்தால் 20 செ.மீ. தொலைவில் விழும். வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் அளவுகோலிலோ மில்லிமீட்டருக்குக் கீழே கோடு இல்லை. ஆகவே அந்த அளவுகோலின் கண்ணுக்கு வேப்பமரமும் சந்திரனும் ஒன்றே. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கும் கருவி கையில் இருந்தால் மரம் ஈறிலாத் தொலைவிலிருந்து இறங்கி மைதானத்தின் ஓரத்திற்கே வந்துவிடும்!

ஆங்கில நூல்களில் இந்த இடத்தில் நிற்கும் பெயரடை 'இன்பினிட்' என்பது. அறிவியலில் இதைவிடப் பெரிய சொல் இல்லை. இதைவிட அதிகமாக மனிதரைக் குழப்பிய சொல்லும் இல்லை. இந்த ஒரு சொல்லுக்குள் பல பொருள்கள் ஒளிந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க அறிஞர்களுக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

சொல்லின் குடும்பம்

'இன்பினிட்' என்பது இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாகப் பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்குள் வந்த சொல். 'பினிஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு எல்லை என்றும் முடிவு என்றும் இரு பொருள்கள் உண்டு. 'இன்' என்னும் முன்னொட்டு மறுப்பைக் குறிக்கும். எனவே 'எல்லை இல்லாதது', 'முடிவு இல்லாதது' என இரண்டையும் இச்சொல் ஒருங்கே சுமந்துகொண்டு பிறந்தது. பின்னால் வந்த குழப்பங்களுக்கு இதுவே ஊற்றுக்கண் எனலாம்.

ஆங்கிலத்தில் இதற்கு உறவினர் பலர். முடித்தலைக் குறிக்கும் 'பினிஷ்', இறுதியைக் குறிக்கும் 'பைனல்', ஒரு சொல்லின் பொருளுக்கு எல்லை கட்டும் 'டிபைன்', அடைத்துவைத்தலைக் குறிக்கும் 'கன்பைன்' ஆகிய அனைத்தும் ஒரே வேரில் முளைத்தவை.

இக்குடும்பத்தில் மாணவர்கள் அனைவரும் அறிந்த இன்னோர் உறுப்பினர் இலக்கணத்தில் இருக்கிறார். 'வந்தான்' என்பது வினைமுற்று. காலம், பால், எண், இடம் ஆகிய யாவும் அதில் தெளிவாகி, பொருள் முற்றுப் பெறுகிறது. ஆங்கில இலக்கணம் இதனை 'பினிட்' வினை என்கிறது. 'வர' என்பதோ யார் வர, எப்போது வர என்று எதையும் வரையறுப்பதில்லை. இதனை ஆங்கிலத்தில் 'இன்பினிடிவ்' என்பர். அதாவது வரம்பு கட்டப்படாதது. நம் இலக்கண ஆசிரியர்கள் இதே வடிவத்திற்கு எச்சம் என்று பெயரிட்டார்கள். எச்சம் என்றால் இன்னும் மீதி இருக்கிறது, முடிக்கப்படவில்லை என்று பொருள். வரம்பு இல்லாதது என்பது ஒரு பார்வை. இன்னும் முற்றாதது என்பது வேறொரு பார்வை. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வோம். கிரேக்க நாட்டில் நடந்த பெரிய விவாதமே இதைப் பற்றியதுதான்.

முடிந்ததா, முடியாததா?

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அனாக்சிமாண்டர் என்னும் கிரேக்க அறிஞர், உலகப் பொருள்கள் யாவும் 'அபெய்ரோன்' என்ற ஒன்றிலிருந்து தோன்றின என்றார். அச்சொல்லுக்கும் எல்லையற்றது என்றே பொருள். வடமொழியின் 'அனந்தம்', தமிழின் 'முடிவிலி', கிரேக்கத்தின் 'அபெய்ரோன்', இலத்தீனின் 'இன்பினிட்டஸ்' ஆகிய நான்கும் மறுப்பினால் ஆன சொற்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அது என்ன என்று எவராலும் சொல்ல முடியவில்லை. எது இல்லை என்று மட்டுமே சொல்ல முடிந்தது.

கிரேக்கர் பலருக்கு இச்சொல்லின்மீது விருப்பம் இல்லை. பிதாகரசின் வழிவந்தோர் உலகின் எதிரெதிர்ப் பண்புகளை இரு வரிசைகளாகப் பட்டியலிட்டபோது, வரம்புள்ளதை நன்மையின் வரிசையிலும் வரம்பற்றதைத் தீமையின் வரிசையிலும் வைத்தனர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் சீனோ என்பவர் இந்த வெறுப்புக்கு மேலும் காரணம் தந்தார். ஓர் இடத்தை அடைய முதலில் பாதித் தொலைவு செல்ல வேண்டும். பிறகு மீதியில் பாதி. பிறகு அதன் மீதியில் பாதி. இவ்வாறு படிகளுக்கு முடிவே இல்லை. முடிவில்லாத படிகளை முடிப்பது எப்படி? எனவே எவரும் எங்கும் போய்ச் சேர முடியாது என்று அவர் வாதிட்டார்.

இதற்கு விடை காண முயன்ற அரிஸ்டாட்டில், சொல்லை இரண்டாகப் பிளந்தார். ஒன்று, ஆகிக்கொண்டே இருக்கும் முடிவின்மை. எந்த எண்ணைச் சொன்னாலும் அதனுடன் ஒன்றைக் கூட்டலாம். எந்தக் கோட்டையும் மேலும் பாதியாக்கலாம். எப்போதும் மீதி இருக்கும். நம் இலக்கணச் சொல்லால் கூறினால் இது எச்சம். மற்றொன்று, முழுதாக முடிந்து கண்முன் நிற்கும் முடிவின்மை. முதல் வகை உண்டு, இரண்டாம் வகை இல்லை என்பது அரிஸ்டாட்டிலின் தீர்ப்பு. இத்தீர்ப்பு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஐரோப்பிய அறிஞர்களைக் கட்டி ஆண்டது.

கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிடின் எச்சரிக்கையை இங்கே காணலாம். பகா எண்களின் எண்ணிக்கை முடிவிலி என்று அவர் நிறுவியதாக இன்று நாம் படிக்கிறோம். ஆனால் அவர் அவ்வாறு எழுதவில்லை. பகா எண்களின் எந்தப் பட்டியலைத் தந்தாலும் அதில் அடங்காத பகா எண் உண்டு என்றுதான் எழுதினார். பட்டியலில் உள்ளவற்றையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் போதும். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 30,031 கிடைக்கும். அது 59, 509 ஆகிய இரு பகா எண்களின் பெருக்கல். இரண்டுமே பட்டியலில் இல்லாதவை! முடிவிலி என்ற சொல்லைத் தொடாமலே அதன் பயனை முழுவதும் அடைந்துவிட்டார் யூக்ளிட்.

பெரியது வேறு, முடிவற்றது வேறு

பேச்சு வழக்கில் இன்னொரு பொருள் உண்டு. மிகப் பெரியதையெல்லாம் நாம் முடிவற்றது என்கிறோம். கடற்கரை மணலையும் அப்படித்தான் சொல்லுகிறோம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் இந்த மயக்கத்தை உடைக்கவே ஒரு சிறு நூல் எழுதினார். சைரக்யூஸ் நகரின் அரசன் கெலோனுக்கு எழுதிய அந்நூலில், கடற்கரையை மட்டுமன்று, அன்று அறியப்பட்ட அண்டம் முழுவதையும் மணலால் நிரப்பினாலும் மணிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்கிட்டுக் காட்டினார். இன்றைய குறியீட்டில் கூறினால், ஒன்றுக்குப் பின் 63 சுழிகள் இட்டால் வரும் எண்ணுக்குள் அது அடங்கும். அக்காலக் கிரேக்கரிடம் தனிப் பெயர் பெற்ற மிகப் பெரிய எண் பத்தாயிரமே. எனவே பெரிய எண்களுக்குப் பெயரிடும் முறையையும் அவரே உண்டாக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில் சமண அறிஞர்கள் இதே வேறுபாட்டை வேறு வழியில் கண்டனர். அனுயோகத்வார சூத்திரம் என்னும் சமண நூல் எண்களை மூன்று பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறது. எண்ணத்தக்கவை ஒரு பிரிவு, எண்ணித் தீராதவை இரண்டாவது, முடிவற்றவை மூன்றாவது. எண்ணித் தீராதது எல்லாம் முடிவற்றது ஆகிவிடாது என்ற நுட்பம் அதில் இருப்பதைக் காணலாம்.

மணலுக்கு நேர்ந்தது பிற்காலத்தில் ஒளிக்கும் நேர்ந்தது. ஒளி நேரமே எடுத்துக்கொள்வதில்லை, அதாவது அதன் வேகம் முடிவிலி என்று பதினேழாம் நூற்றாண்டிலும் டேக்கார்ட் போன்ற பேரறிஞர்கள் நம்பினர். 1676-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ரோமர், வியாழனின் துணைக்கோளாகிய அயோ மறையும் நேரங்களை ஆராய்ந்தார். பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் மாதங்களில் அந்த மறைவுகள் தாமதமாகத் தெரிந்தன. ஒளி பூமியின் பாதையைக் குறுக்காகக் கடக்க நேரம் எடுப்பதே காரணம் என்று அவர் கூறினார். அந்த நேரம் ஏறத்தாழ 16½ நிமிடம் என்று இன்று அறிவோம். ஒளியின் வேகம் முடிவிலி அன்று; வினாடிக்குச் சுமார் மூன்று இலட்சம் கிலோமீட்டர். அதுவரை அளந்த தொலைவுகள் குறுகியவையாக இருந்ததால்தான் அது முடிவிலியாகத் தோன்றியது. வேப்பமரத்தின் கதையும் இதுவே அன்றோ!

பகுதியும் முழுமையும் சமமா?

1655-இல் ஆங்கிலக் கணித அறிஞர் ஜான் வாலிஸ், படுத்துக் கிடக்கும் எட்டைப் போன்ற குறியீட்டை முடிவிலிக்கு அளித்தார். குறியீடு வசதியானது, ஆனால் ஆபத்தும் உடையது. எண்களின் வரிசையில் அதை எழுதிப் பார்க்கும்போது அதுவும் ஓர் எண் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி எண்ணக்கூடாது என்பதற்கு வாலிசுக்கு முன்பே கலீலியோ ஒரு காரணம் காட்டியிருந்தார்.

1638-இல், வீட்டுக் காவலில் இருந்தபோது கலீலியோ வெளியிட்ட இரு புதிய அறிவியல்களைப் பற்றிய உரையாடல் நூலில் அந்த எடுத்துக்காட்டு வருகிறது. 1, 2, 3, 4 என எண்களை ஒரு வரிசையில் எழுதுக. அவற்றின் அடியில் 1, 4, 9, 16 என அவற்றின் வர்க்கங்களை எழுதுக. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வர்க்கம். ஒவ்வொரு வர்க்கத்திற்கும் ஓர் எண். எவரும் தனித்து நிற்கவில்லை. ஆகவே இரண்டும் சமம். ஆனால் 2, 3, 5, 6 போன்ற எண்கள் வர்க்கங்களின் வரிசையில் இல்லையே! ஆகவே வர்க்கங்கள் குறைவு. இரண்டில் எது சரி? சமம், கூடுதல், குறைவு என்னும் சொற்கள் முடிவுள்ளவற்றுக்கே பொருந்தும், முடிவற்றவற்றுக்குப் பொருந்தா என்று கூறிக் கலீலியோ பின்வாங்கினார்.

இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1888-இல் ஜெர்மானிய அறிஞர் டெடகிண்டு இந்த முரண்பாட்டையே வாசலாக்கி உள்ளே நுழைந்தார். தன் பகுதி ஒன்றுடன் ஒன்றுக்கு ஒன்றாக இணை சேரக்கூடிய தொகுதியே முடிவிலாத் தொகுதி. அவ்வாறு சேர முடியாதது முடிவுள்ள தொகுதி என்று அவர் வரையறை செய்தார். இதன் சிறப்பைச் சற்று நின்று காண வேண்டும். அதுவரை எல்லா மொழிகளிலும் முடிவிலி என்பது 'முடிவு அற்றது' என்னும் மறுப்பாகவே இருந்தது. இப்போது முடிவிலிக்கு நேரான இலக்கணம் கிடைத்துவிட்டது. முடிவுள்ளது என்பதே 'முடிவிலி அல்லாதது' என்னும் மறுப்பாயிற்று. சொல்லின் வடிவம் மாறவில்லை. பொருள் தலைகீழாகத் திரும்பிவிட்டது!

டெடகிண்டின் நண்பர் ஜார்ஜ் கேண்ட்டர் இன்னும் ஒரு படி சென்றார். முடிவிலா என்பது ஒரே அளவு அன்று, அதிலும் சிறியது பெரியது உண்டு என்று 1874-இல் நிறுவினார். 1891-இல் அவர் தந்த எளிய நிறுவலைப் பள்ளி மாணவரும் புரிந்துகொள்ளலாம்.

சுழிக்கும் ஒன்றுக்கும் இடையே உள்ள தசம எண்கள் எல்லாவற்றையும் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என ஒருவர் பட்டியலிட்டுவிட்டதாகக் கொள்வோம். முதல் எண்ணின் முதல் தசம இலக்கத்தைப் பாருங்கள். அது 5 என்றால் 6 என்றும், வேறு எதுவானாலும் 5 என்றும் எழுதுங்கள். அடுத்து இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கத்தைப் பார்த்து இவ்வாறே செய்யுங்கள். பிறகு மூன்றாம் எண்ணின் மூன்றாம் இலக்கம். இப்படிக் கிடைக்கும் புதிய எண், பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணிலிருந்தும் ஏதேனும் ஓர் இலக்கத்திலாவது வேறுபடும். எனவே அது பட்டியலில் இல்லை! எத்தகைய பட்டியலைக் கொண்டுவந்தாலும் இதே கதிதான். 1, 2, 3 என்று எண்ணும் முடிவிலியைவிட, ஒரு சிறு கோட்டில் உள்ள புள்ளிகளின் முடிவிலி பெரியது.

அரிஸ்டாட்டில் இல்லை என்று தள்ளிய முடிந்து நிற்கும் முடிவிலியையே கேண்ட்டர் கையில் எடுத்து அளந்தார். இதற்கு எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பெர்லினில் செல்வாக்குடன் இருந்த கிரோனெக்கர் இக்கணிதத்தை ஏற்க மறுத்தார். கேண்ட்டர் தம் வாழ்நாள் முழுவதும் ஹாலே நகரின் பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றினார். 1884 முதல் மனநோயால் பலமுறை துன்புற்று, 1918-இல் அந்நகரின் மருத்துவமனை ஒன்றில் காலமானார். பழைய சொல் பல பொருள்களால் கறைபட்டிருந்ததை உணர்ந்த அவர், தாம் கண்ட அளவுகளுக்கு 'டிரான்ஸ்பினிட்', அதாவது முடிவுள்ளதைக் கடந்தது, என்று புதிய பெயரிட்டார். மேலும் பெருக்க இயலாத முழுமுதல் முடிவின்மையை இறைவனுக்கென விட்டுவைத்தார். இன்று அவர் கண்ட கணிதமே கல்லூரிப் பாடத்தின் அடித்தளங்களுள் ஒன்றாக இருக்கிறது.

எல்லை இல்லை, ஆனால் முடிவு உண்டு

எண்களின் கதை இது. இனி இடவெளியின் கதைக்கு வருவோம். இங்கே அந்தப் பெயரடை ஓர் உயிரையே விலை கேட்டது.

1543-இல் கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தபோதும், விண்மீன்கள் பதிந்த வெளிக்கோளத்தை அப்படியே விட்டுவைத்தார். 1576-இல் தாமஸ் டிக்கஸ் என்ற ஆங்கிலேயர் அந்தச் சுவரை உடைத்தார். கோப்பர்நிக்கசின் கொள்கையை ஆங்கிலத்தில் விளக்கிய அவர், தாம் வரைந்த படத்தில் விண்மீன்களை வெளிப்புறமாகச் சிதறவிட்டு, அவ்வெளி ஈறின்றி விரிவதாகக் குறிப்பிட்டார். 1584-இல் ஜியார்டனோ புரூனோ என்ற இத்தாலியர் முடிவற்ற அண்டத்தையும் அதில் உள்ள எண்ணற்ற உலகங்களையும் பற்றி நூல் வெளியிட்டார். 1600-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் ரோம் நகரில் அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் பெரும்பாலானவை சமயக் கொள்கைகளைப் பற்றியவை. உலகங்கள் பல என்னும் கொள்கையும் அவற்றுள் ஒன்றாக இருந்தது.

முடிவற்ற வெளியை ஆதரித்தவர்கள் கேட்ட பழைய கேள்வி ஒன்று உண்டு. அண்டத்திற்கு எல்லை இருந்தால் அதன் விளிம்பில் நின்று கையை நீட்டினால் என்ன ஆகும்? கை நீளுமானால் அப்பால் இடம் உண்டு. நீளாவிட்டால் தடுக்கும் பொருள் ஒன்று அப்பால் உண்டு. எனவே எல்லை இல்லை, எனவே அண்டம் முடிவிலி. இந்த வாதம் மறுக்க முடியாததுபோல் தோன்றுகிறது. இதில் உள்ள ஓட்டை எங்கே?

1854 ஜூன் 10-ஆம் நாள், ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 27 வயது இளைஞர் ஒருவர் ஆசிரியப் பதவிக்கான உரையை நிகழ்த்தினார். அவர் பெயர் ரீமான். முதியவரான காஸ் அவையில் அமர்ந்திருந்தார். எல்லையின்மை வேறு, அளவில் முடிவின்மை வேறு. முன்னது இருப்பதால் பின்னது இருந்தே தீரும் என்பதில்லை என்று அவ்வுரையில் ரீமான் எடுத்துக்காட்டினார்.

ஒரு பந்தின்மேல் ஊரும் எறும்பை நினைத்துக்கொள்ளுங்கள். அது எத்திசையில் சென்றாலும் விளிம்பு என்று ஒன்று வராது. அதன் உலகிற்கு எல்லையே இல்லை. ஆனால் அந்த உலகின் பரப்பு சில நூறு சதுர செண்டிமீட்டர்தான். நாமும் அந்த எறும்புகளே. பூமியின் மேற்பரப்பிற்கு விளிம்பு இல்லை. பரப்பளவோ சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர். இதற்கு நேர்மாறானதையும் முன்பே கண்டோம். சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட கோட்டிற்கு இருபுறமும் எல்லை உண்டு. அதன் நீளமும் முடிவுள்ளதே. அதில் உள்ள புள்ளிகளோ முடிவிலி. ஆக, எல்லை இல்லாமலும் முடிவுள்ளதாக இருக்கலாம். எல்லை இருந்தும் முடிவற்றதாக இருக்கலாம். 'பினிஸ்' என்னும் சொல் ஒன்றாகக் கட்டிவைத்திருந்த இரு பொருள்கள் இவ்வாறு பிரிந்தன. கையை நீட்டும் வாதமும் வலுவிழந்தது. விளிம்பு இல்லை என்பதை மட்டுமே அது நிறுவுகிறது.

1917-இல் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் கொள்கையை அண்டம் முழுமைக்கும் பொருத்தியபோது ரீமானின் வழியையே பின்பற்றினார். எல்லையற்ற, ஆனால் முடிவுள்ள அண்டத்தை அவர் முன்வைத்தார். அந்த அண்டம் விரியாமலும் சுருங்காமலும் இருப்பது. அண்டம் விரிகிறது என்று பின்னர்த் தெரிந்ததால் அந்த மாதிரி கைவிடப்பட்டது. ஆனால் அது எழுப்பிய வினா நிலைத்துவிட்டது. பிளாங்க் விண்கலம் தந்த அளவுகளிலிருந்து, இடவெளியில் வளைவு இருந்தாலும் அது மிகமிகச் சிறிது என்று தெரிகிறது. நம்மால் காண இயலும் பகுதியின் ஆரம் ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டு. அதற்கு அப்பால் அண்டம் முடிவின்றிச் செல்லுகிறதா என்பது இன்றும் திறந்த வினாவே.

இரவு ஏன் இருட்டாக இருக்கிறது என்ற வினாவும் இங்கே நினைவுக்கு வரும். முடிவற்ற வெளியில் விண்மீன்கள் என்றென்றும் ஒளிர்ந்துகொண்டிருந்தால், எத்திசையில் நோக்கினாலும் பார்வை ஒரு விண்மீனில் போய் முட்ட வேண்டும். வானம் முழுவதும் சூரியனைப்போல் ஒளிர வேண்டும். கெப்ளர் 1610-இலும் ஆல்பர்ஸ் 1823-இலும் இதை எழுப்பினர். விடையின் முக்கியப் பகுதி இடவெளியில் இல்லை, காலத்தில் இருக்கிறது. அண்டத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. மிகத் தொலைவில் உள்ளவற்றின் ஒளி நம்மை வந்தடைய நேரம் போதவில்லை. முடிவுள்ளது காலமே தவிர, இடம் என்று சொல்ல இதில் இடமில்லை.

இயற்பியலாருக்கு ஓர் எச்சரிக்கை மணி

கணித அறிஞர்கள் முடிவிலியோடு உறவு கொண்டாடினர். இயற்பியலாருக்கோ கணக்கின் கடைசி வரியில் அது வந்து நின்றால் உறக்கம் கெட்டுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொள்கைகளைக்கொண்டு, சூடான உலையினுள் உள்ள கதிர்வீச்சின் மொத்த ஆற்றலைக் கணக்கிட்டால் முடிவிலி என்று விடை வரும். எந்த அடுப்பும் அப்படி எரிவதில்லை. பிழை அடுப்பில் இல்லை, கொள்கையில் இருந்தது. 1900 டிசம்பரில் மாக்ஸ் பிளாங்க், ஆற்றல் சிறுசிறு பொட்டலங்களாகவே பரிமாறப்படுகிறது என்ற கருத்தின் அடிப்படையில் சரியான சமன்பாட்டை விளக்கினார். குவாண்டம் இயற்பியல் அங்கே பிறந்தது.

பிற்காலத்தில் எலக்ட்ரானுக்கும் ஒளிக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டபோது மீண்டும் முடிவிலிகள் முளைத்தன. டோமொனாகா, சுவிங்கர், பெயின்மன் ஆகியோர் 1940-களில் அவற்றைக் கையாளும் முறையைக் கண்டு 1965-இல் நோபல் பரிசு பெற்றனர். கருந்துளையின் மையத்தில் அடர்த்தி முடிவிலி என்று சமன்பாடுகள் கூறும்போது, அங்கே ஒரு பொருள் அவ்வாறு இருக்கிறது என்பதைவிட, அந்தச் சமன்பாடுகளின் ஆட்சி அவ்விடத்தில் செல்லாது என்பதே இயற்பியலார் பலரின் முடிவு.

மூன்று கேள்விகள்

மறுப்பினால் பிறந்த இச்சொல்லின் வரலாறு நமக்குக் கற்றுத்தருவது ஒன்றே. ஈறிலா என்று எங்கே கண்டாலும் உடனே தலையாட்டிவிடக் கூடாது. மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது, எது ஈறில்லாதது? எண்ணிக்கையா, நீளமா, காலமா, செய்துகொண்டே போகும் படிகளா? இரண்டாவது, இல்லாதது எது? விளிம்பா, முடிவா? மூன்றாவது, உண்மையிலேயே இல்லையா, அல்லது நம் அளவுகோலுக்குத்தான் தெரியவில்லையா?

இவ்வகையில் தமிழில் படிக்கும் மாணவருக்கு ஒரு நற்பேறு உண்டு. எல்லையற்ற, முடிவிலா, எண்ணிலடங்கா, அளவற்ற, முற்றாத என வேறுவேறு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அழகுக்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்காமல், ஒவ்வொன்றையும் அதனதன் பொருளில் வழங்கினால், ரீமான் ஓர் உரை நிகழ்த்தி விளக்க வேண்டியிருந்ததை நம் மொழியே நமக்கு நினைவூட்டும். எல்லையற்ற பூமிப் பரப்பு முடிவுள்ளது என்று எழுதும்போது அதில் முரண்பாடு எதுவும் இல்லை அல்லவா?

அந்த மாணவன் கடைசியில் தன் பதிவேட்டில் என்ன எழுதினான் என்று கேட்கிறீர்களா? 'மில்லிமீட்டர் வரை அளக்கும் இந்த அளவுகோலைப் பொறுத்தவரை, பொருள் ஈறிலாத் தொலைவில் உள்ளது' என்று எழுதினான். கூடுதலாக ஒரு வரிதான். முழு மதிப்பெண் கொடுத்தேன்.